காணப்படும் ஆடவரும் காணும் மகளிரும்: ஆடை களையும் ஆடவர் பற்றிய திரைப்படங்களும் அவற்றின் திறனாய்வு வரவேற்பும்

ஆடவர் மேடையேறித் தம் ஆடையைக் களைந்து ஆடுவதையும், மகளிர் கட்டணம் செலுத்தி அதனைக் காண்பதையும் கதைப்பொருளாகக் கொண்ட திரைப்படங்கள் மிகச் சிலவே. அவற்றுள் உலகளவில் பேசப்பட்டவை பீட்டர் கட்டனியோ இயக்கிய 'தி ஃபுல் மான்டி' (1997), ஸ்டீவன் சோடர்பர்க் இயக்கிய 'மேஜிக் மைக்' (2012) ஆகியவை. இந்தித் திரையுலகில் ரோஹித் தவான் இயக்கிய 'தேசி பாய்ஸ்' (2011) இப்பொருளைத் தொட்டது. இம்மூன்று படங்களும் பெற்ற வரவேற்பு ஒரு தன்மையதன்று. முதற்படம் கொண்டாடப்பட்டது; இரண்டாவது வியப்புடன் மதிக்கப்பட்டது; மூன்றாவது பெரும்பாலும் புறந்தள்ளப்பட்டது. எனினும் மூன்றைப் பற்றிய திறனாய்வும் ஓரிடத்தில் ஒன்றுபடுகின்றது. மேடையில் நிற்கும் ஆணின் நிலையை, அவன் இழந்த வேலையை, அவன் நாணத்தை அது விரிவாகப் பேசிற்று. எதிரே அமர்ந்து காணும் பெண்ணைப் பற்றிக் கூற அதனிடம் பெரும்பாலும் சொல் இல்லை. அச்சொல்லை வகுத்து வைத்திருந்த இலக்கிய வகை தமிழில் உண்டு. அது உலா. உலாவின் இலக்கணத்தைக் கொண்டு இப்படங்களையும் இவை பெற்ற வரவேற்பையும் மீள நோக்க இக்கட்டுரை முற்படுகின்றது.

தேர்த்தெருவில் ஆணுடல்

உலா இன்றும் தெருவில் நிகழும் ஊர் ஒன்றிலிருந்து தொடங்குதல் பொருத்தமாகும். பாலக்காட்டு நகரை ஒட்டிய கல்பாத்தி, தஞ்சைப் பகுதியிலிருந்து குடியேறிய தமிழ் அந்தணரின் பழமையான அக்கிரகாரங்களுள் ஒன்று. ஆற்றங்கரையில் அமைந்த விசுவநாதசுவாமி கோயிலால் 'காசியில் பாதி கல்பாத்தி' என்னும் வழக்கு உண்டாயிற்று. அக்கோயில் 1425ஆம் ஆண்டளவில் எழுந்தது என்பதும், காசியிலிருந்து இலிங்கத்தைக் கொணர்ந்தவர் இலட்சுமி அம்மாள் என்னும் கைம்பெண் என்பதும் ஊர் மரபு. மாயவரத்துத் திருவிழா முறையைப் பின்பற்றி ஐப்பசி இறுதியில் இங்குத் தேரோட்டம் நிகழும். சுற்றுக் கிராமத்துத் தேர்களும் வந்து கூடும். வடம் பிடிப்போர் வேட்டி மட்டும் அணிந்த ஆடவர். தேரின் பின்னிருந்து யானை முட்டித் தள்ளும். திண்ணைகளில் மகளிர் நின்று காண்பர்.

வியர்வை வழியும் எத்தனையோ ஆணுடல்கள் பட்டப்பகலில் மகளிர் கண்முன் செல்லும் இந்நிகழ்வை உடற்காட்சி என எவரும் கூறார். காணத்தக்கது தேரின்மேல் இருப்பது; வடம் பிடிப்பவன் காட்சிப்பொருள் அல்லன் என்பதே அனைவரும் ஏற்ற உடன்பாடு. கேரளக் கோயில்கள் பலவற்றில் ஆடவர் மேலாடை நீக்கியே உட்புகுதல் வேண்டும் என்னும் விதியும் இவ்வுடன்பாட்டின் மற்றொரு வடிவமாகும். 2024 திசம்பர் இறுதியில் சிவகிரி விழா மேடையில் இவ்விதியைக் கைவிட வேண்டும் என்னும் கோரிக்கை எழுந்தபோது அது வழிபாட்டு முறை பற்றிய விவாதமாகவும் சாதி பற்றிய விவாதமாகவும் நடந்ததேயன்றி, உடல் வெளிப்பாடு பற்றிய விவாதமாக நடக்கவில்லை. இதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. இப்பகுதியில் மேலாடை நீக்குதல் நெடுங்காலம் பணிவின் குறி. தாழ்த்தப்பட்டோர்மேல் சுமத்தப்பட்ட குறியும்கூட. திருவிதாங்கூரில் நாடார் மகளிர் மேலாடை அணியும் உரிமையை 1859ஆம் ஆண்டு அரச ஆணையால்தான் பெற முடிந்தது. ஆகவே ஆடையற்ற மேனி இங்குப் பக்தியைக் குறிக்கலாம், அடிமையைக் குறிக்கலாம், உழைப்பைக் குறிக்கலாம். காண்போரின் இன்பத்தை மட்டும் அது குறிப்பதில்லை.

காணும் உரிமையும் எல்லார்க்கும் பொதுவாக இருந்ததில்லை என்பது ஈண்டு எண்ணத்தக்கது. 1920களின் நடுவில் கல்பாத்தித் தெருக்களில் ஈழவர் நுழைவதைப் பற்றி எழுந்த பூசல், சென்னை மாகாண அரசு தலையிடும் அளவுக்கு வளர்ந்தது. தேரைக் காண்பதற்குத் தெருவில் நிற்க வேண்டும்; தெருவில் நிற்பதற்கு உரிமை வேண்டும். யார் காணப்படுகிறார் என்பதைப் போலவே யார் காணலாம் என்பதும் சமூக வினாவே.

உலாவும் காணும் மகளிரும்

அகத்திணை மரபில் தலைவியின் நோக்கு களவு நோக்கு. திருக்குறளின் 'குறிப்பறிதல்' அதிகாரம் அந்நோக்கின் நுட்பத்தைப் பேசுவது. பெண் வெளிப்படையாக, தெருவில், பலரோடு நின்று ஆணை நோக்கும் உரிமையைத் தமிழில் வழங்கியவை முத்தொள்ளாயிரமும் உலாவும் ஆகும். முத்தொள்ளாயிரத்தில் அரசன் பவனி வரும் தெருவில் தாயர் கதவை அடைப்பதும் மகளிர் திறப்பதும் ஓயாது நிகழ்கின்றன. சேரன் கோதையும் அங்கே காணப்படுபவனே. உலா என்னும் வகையில் முதலாவதாகக் கருதப்படும் திருக்கைலாய ஞான உலாவைப் பாடியவரும் சேரமான் பெருமாள் நாயனாரே. சேரநாட்டின் கிழக்கு வாயிலாகிய பாலக்காட்டிற்கு இவ்விலக்கிய வகை அயலானதன்று.

உலாவின் அமைப்புத் தமிழறிஞர் அறிந்ததே. தலைவன் அணிசெய்து ஊர்தியேறி வீதிக்கு வருவான்; பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என எழுபருவ மகளிர் கண்டு காமுறுவர். பொதுவாக இவ்வகை தலைவனைப் புகழ எழுந்தது எனப்படும். அது உண்மையே. ஆயினும் அடிகளின் அளவை நோக்கினால் வேறொன்று புலனாகும். பவனி தொடங்கியபின் புலவன் தலைவனை விட்டுவிடுகிறான். அவன் பேசுவது மகளிரை. ஐந்து வயதுப் பேதை காண்பது வேறு, முப்பதைக் கடந்த பேரிளம்பெண் காண்பது வேறு என்று வகுத்துக் காட்டுவதிலேயே ஒட்டக்கூத்தர் போன்றோரின் திறம் வெளிப்படுகின்றது. பேதை காதலை அறியாள். பெதும்பை அரைகுறையாய் அறிவாள். அரிவை முழுதும் அறிந்து வருந்துவாள். ஆணைக் காணும் பெண்ணை 'மகளிர் கூட்டம்' என்னும் ஒற்றைச் சொல்லில் அடக்காத இலக்கணம் இது.

மற்றொரு கூறு இதனினும் முதன்மையானது. உலாவில் ஆடை நெகிழ்வது காணப்படுபவனுக்கு அன்று, காண்பவளுக்கு. வளை கழல்வதும் மேகலை நழுவுவதும் பசலை பாய்வதும் அவளுக்கே. தலைவன் ஒன்றும் இழவாது கடந்து செல்கிறான். பெண்ணின் காமம் அவன் புகழுக்கு ஒரு சான்றாக மட்டுமே நிற்கின்றது. ஆதலால் உலா பெண்ணுக்கு விடுதலை வழங்கிய வகை எனக் கொள்ளுதல் பொருந்தாது. அது பெண்ணுக்குக் கண்ணைக் கொடுத்தது. அக்கண்ணுக்கு உரிய விலையையும் அவளிடமே வாங்கியது.

எழுபதுகளுக்குப்பின் எழுந்த மேனாட்டுத் திரைக்கோட்பாடு இதன் மறுபுறத்திலிருந்து தொடங்கியது. லாரா மல்வி 1975இல் 'ஸ்கிரீன்' இதழில் எழுதிய கட்டுரை, திரைப்படத்தில் நோக்குபவன் ஆண், நோக்கப்படுபவள் பெண் என வகுத்தது. ஆணுடல் காட்டப்படும் இடங்களை அதே இதழில் ரிச்சர்ட் டயர் (1982), ஸ்டீவ் நீல் (1983) ஆகியோர் ஆராய்ந்தனர். ஆணுடல் வாளாவிருந்து காணப்படுவதில்லை. சண்டையில், காயத்தில், இறுகிய தசையில், ஏதேனும் ஒரு செயலின் பெயரால்தான் அது காட்டப்படுகின்றது என்பது அவர்கள் கண்ட முடிவின் சாரம். தமிழ்த் திரைக்கு இது பெரிதும் பொருந்தும். பாலக்காட்டு மாவட்டத்து வடவன்னூரைப் பூர்விகமாகக் கொண்ட எம்.ஜி.ஆரின் திரையுருவை ஆராய்ந்த எம்.எஸ்.எஸ். பாண்டியனின் நூல் (1992; தமிழில் 'பிம்பச் சிறை', 2016) அவ்வுடலின் அரசியலை விளக்கியது. ஒற்றப்பாலத்தில் பிறந்த கௌதம் வாசுதேவ் மேனனின் 'வாரணம் ஆயிரம்' (2008) படத்தில் சூர்யாவின் மேனி காட்டப்படுவது, துயரத்தையும் போதையையும் வெல்லும் உடற்பயிற்சியின் பெயரால். செயல் என்னும் ஆடை அங்கும் களையப்படவில்லை. எம்.ஜி.ஆர். படங்களில் நாயகி கனவு காண்பதும் நாயகன் விலகி நிற்பதும் உலாவின் ஒருதலைக் காமத்தின் நேர் வழித்தோன்றலே. கைக்கிளையைத் தெருவிலிருந்து திரையரங்குக்கு மாற்றியது தமிழ்ப்படம் எனலாம்.

'தி ஃபுல் மான்டி'

இந்தப் பின்புலத்தில் 'தி ஃபுல் மான்டி'யை நோக்கினால் அது உலாவைத் தலைகீழாக்கிய படம் என்பது விளங்கும். எஃகுத் தொழிலால் செழித்திருந்த ஷெஃபீல்ட் நகரைப் புகழும் பழைய விளம்பரப் படத்துடன் கதை தொடங்குகிறது. அடுத்த காட்சியில் ஆலை வெறிச்சோடிக் கிடக்கிறது. வேலையிழந்த காஸ், அவன் நண்பன் டேவ், பழைய மேற்பார்வையாளர் ஜெரால்ட் முதலிய அறுவர் மகளிர்முன் ஆடையை முழுதும் களைந்து ஆடிப் பொருள் ஈட்ட முடிவு செய்கின்றனர். ஏறத்தாழ 35 இலட்சம் டாலரில் எடுக்கப்பட்ட இப்படம் உலகெங்கும் 25 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. பிரித்தானியாவில் 'ஜுராசிக் பார்க்' பெற்றிருந்த வசூலை விஞ்சியது. சிறந்த படம், இயக்கம், மூலத் திரைக்கதை, இசை என நான்கு ஆஸ்கர் பரிந்துரைகளைப் பெற்று, இசைக்காக விருது வென்றது. பிரித்தானியத் திரைப்பட விருதுகளில் 'டைட்டானிக்'கைப் பின்தள்ளிச் சிறந்த படமாயிற்று.

திறனாய்வாளர் இப்படத்தை வேலையின்மையின் படமாக வாசித்தனர். 'பிராஸ்டு ஆஃப்' (1996), 'பில்லி எலியட்' (2000) ஆகியவற்றுடன் சேர்த்துத் தாட்சர் காலம் சிதைத்த உழைக்கும் ஆணின் முத்தொகுதியாகக் கருதுதலும் வழக்கமாயிற்று. ஒரு சாரார் இதனை உழைப்பாளரின் தன்மானத்தைக் கூறும் படம் என்றனர். மற்றொரு சாரார் தொழிற்சங்கத்தின் இடத்தில் ஓரிரவுக் கேளிக்கையை வைத்து அரசியலை நகைச்சுவையாக்கிவிட்டது என்றனர். இரண்டாம் சாராரின் ஐயத்திற்கு இடமில்லாமல் இல்லை. 1998இல் அந்நாள் இளவரசர் சார்லஸ் ஷெஃபீல்டுக்குச் சென்றபோது, வேலையற்றோர் வரிசையில் அவ்வறுவர் தம்மையறியாது தாளமிடும் புகழ்பெற்ற காட்சி அவர்முன் நடித்துக் காட்டப்பட்டது. அவரும் அதில் பங்குகொண்டார். அரச குடும்பத்தார் வேலையற்றோர் வரிசையில் நின்று மகிழத்தக்க படமாக அது ஆனது என்பதே அதன் வரவேற்பைப் பற்றிய கூர்மையான விமர்சனம்.

ஆயினும் இருசாராரும் நோக்காதது ஒன்றுண்டு. இப்படத்துப் பெண்கள் வேலையுடையவர்கள். காஸின் முன்னாள் மனைவி தொழிற்கூடத்தில் மேற்பார்வை நிலையில் இருக்கிறாள். அவனுக்குக் குறைந்த கூலியில் வேலை தர முன்வருபவளும் அவளே. டேவின் மனைவி ஜீன் உழைத்துப் பொருள் ஈட்டுகிறாள். தொழில்முறை ஆடவர் நடனத்தைக் காணச் செல்பவளும் அவள்தான். ஊர்த் தொழிலாளர் மன்றத்துக்குள் அன்றிரவு ஆடவர்க்கு அனுமதி இல்லை. காஸ் அங்குத் திருட்டுத்தனமாக நுழைந்து, கழிப்பறையில் ஒளிந்து, மகளிரின் பேச்சைக் கேட்கிறான். தெருவும் மன்றமும் மகளிர்க்கு உரியதாகி, ஆண் கதவிடுக்கில் ஒளிய நேர்ந்த காட்சி அது. முத்தொள்ளாயிரத்துக் கதவு இங்கே மறுபுறமாகத் திறக்கின்றது.

படத்தின் நடுவில் வரும் உரையாடல் ஒன்று இதனை மேலும் தெளிவாக்கும். பெண்களின் படங்கள் உள்ள இதழ் ஒன்றைப் புரட்டியவாறு அவ்வறுவரும் உடலுறுப்புகளை எடைபோடுகின்றனர். திடீரென டேவுக்கு அச்சம் தோன்றுகிறது. நாளை மேடையில் நிற்கும்போது எதிரிலுள்ள பெண்களும் தங்களை இவ்வாறே, பருத்தவன், முதியவன், மார்பு ஒடுங்கியவன் என்று எடைபோட்டால் என்செய்வது? அறையில் அமைதி நிலவுகிறது. நகைச்சுவைக் காட்சியாகப் பலரும் கடந்துசென்ற இவ்விடமே படத்தின் மையம். காணப்படுதல் என்பது தீர்ப்புக்கு உட்படுதல் என்பதை அவர்கள் முதன்முறையாக உணர்கின்றனர். உலாத் தலைவனுக்கு நேராத அச்சம் இது. அவனைக் கண்ட பெண்கள் அனைவரும் மயங்கியே தீர வேண்டும் என்பது விதி. ஷெஃபீல்டுப் பெண்கள் மயங்காமலும் போகலாம். கட்டணம் செலுத்தியவர்கள் சிரிக்கலாம், எழுந்தும் செல்லலாம். பெண்ணின் நோக்குக்கு முடிவு செய்யும் உரிமை வந்துவிட்ட இடத்தில்தான் ஆணின் ஆடை நெகிழத் தொடங்குகின்றது.

இறுதிக் காட்சியைத் திறனாய்வாளர் பலர் நாணமெனவும் தணிக்கைக்கு அஞ்சிய உத்தி எனவும் கொண்டனர். தொப்பிகள் வீசப்படும் கணத்தில் ஒளிப்பதிவுக் கருவி ஆடவரின் பின்புறம் நிற்கிறது, காட்சி உறைகிறது. ஆனால் கருவி பின்னே நின்றமையால் திரையில் விரிவது எதுவென நோக்க வேண்டும். ஆரவாரிக்கும் மகளிரின் முகங்களே விரிகின்றன. பவனி தொடங்கியபின் தலைவனை விட்டு மகளிரிடம் திரும்பும் உலாப் புலவன் செய்ததும் அதுவே. வேறுபாடு ஒன்றே: இங்கு எவர் வளையும் கழலவில்லை. இது திட்டமிட்ட கலையா, தணிக்கையின் விளைவா என்பது வேறு வினா, விளைவு அதுதான்.

'மேஜிக் மைக்' பற்றி நீளக் கூற வேண்டுவதில்லை. 70 இலட்சம் டாலரில் எடுக்கப்பட்டு 16 கோடி டாலருக்கு மேல் ஈட்டிய இப்படத்தை மதித்த விமர்சகர்கள், 2008க்குப் பிந்தைய பொருளாதார வீழ்ச்சியை அது காட்டிய விதத்தையே பெரிதும் பாராட்டினர். கையில் பணத்துடன் வங்கிக்குச் செல்லும் மைக்கிற்குக் கடன் மறுக்கப்படும் காட்சி மீண்டும் மீண்டும் எடுத்துக்காட்டப்பட்டது. மகளிர் கூட்டங்கூட்டமாகத் திரையரங்கை நாடியது செய்தியாயிற்றேயன்றி ஆய்வாகவில்லை. புரூக் என்னும் பெண் மைக்கின் ஆட்டத்தைக் காணும் காட்சியில் ஒளிப்பதிவுக் கருவி அவள் முகத்தில் தங்குகிறது. விருப்பும் வெறுப்பும் கலந்த அம்முகம், படத்தின் நடனங்கள் அனைத்தையும்விட ஆராயத்தக்கது.

'தேசி பாய்ஸ்'

2011 நவம்பரில் வெளிவந்த 'தேசி பாய்ஸ்' இலண்டனில் வாழும் இந்தியர் கதை. பொருளாதார வீழ்ச்சியில் வேலையிழந்த ஜெர்ரி (அக்ஷய் குமார்), நிக் (ஜான் ஆபிரகாம்) இருவரும் மகளிர்க்கு ஆடவரை அனுப்பும் நிறுவனத்தில் சேர்கின்றனர். ஜெர்ரிக்குத் தாய்தந்தையற்ற மருமகனை வளர்க்கும் கடமை. நிக்கிற்குத் திருமணச் செலவு. உண்மை வெளிப்பட்டதும் சிறுவனை அரசு எடுத்துக்கொள்கிறது. காதலி ராதிகா (தீபிகா படுகோன்) நிக்கை விட்டு நீங்குகிறாள். ஜெர்ரி மீண்டும் கல்லூரியில் சேர்ந்து படித்து நன்னிலை எய்துகிறான்.

மேம்போக்கான படம் எனவும், வேலையின்மையைக் கதையின் வாயிலாக மட்டும் பயன்படுத்திவிட்டுக் கேளிக்கைக்குத் தாவியது எனவும் விமர்சனங்கள் குறை கூறின. அக்குறை பிழையன்று. ஷெஃபீல்டின் பருத்த, நரைத்த, ஒடுங்கிய உடல்களுக்கு மாறாக இங்கே மேடையில் நிற்பவை உடற்பயிற்சிக் கூடத்தில் செதுக்கப்பட்ட நட்சத்திர உடல்கள். அவற்றை எடைபோட எவருக்கும் துணிவில்லை. எதிரே ஆரவாரிக்கும் மகளிர் கூட்டத்திலிருந்து பெயரோடு நினைவில் நிற்கும் ஒருத்தியும் இல்லை. ஆகவே ஆடை களையப்பட்ட பின்னும் ஜெர்ரியும் நிக்கும் உலாத் தலைவர்களே. கண்டவர் மயங்குவர் என்னும் விதி அங்கே மீறப்படவில்லை.

எனினும் மேம்போக்கானது என்ற சொல்லோடு விமர்சனம் நின்றுவிட்டமையால் படத்தின் ஒரு முரண் கவனிக்கப்படாது போயிற்று. இக்கதை ஆடவர்மேல் கற்பைச் சுமத்துகிறது. பலர் காண நின்றமைக்காக ஒருவன் குழந்தையை இழக்கிறான், மற்றொருவன் துணையை இழக்கிறான். இந்தியத் திரையில் காபரே ஆடிய பெண் பாத்திரங்கள் பல்லாண்டு ஏற்ற தண்டனைகள் இவையே. அவர்களுக்கோ பெரும்பாலும் மீட்சி இருந்ததில்லை. இறுதிக் காட்சிக்கு முன்னரே குண்டடிபட்டு இறப்பர். ஆடவர்க்குக் கல்லூரிச் சேர்க்கையும் மன்னிப்பும் கிடைக்கின்றன. தண்டனை ஒன்று, தவணை வேறு. இந்த ஒப்பீட்டைச் செய்திருந்தால், வெற்றுக் கேளிக்கை எனத் தள்ளப்பட்ட படம், பெண்ணுடலுக்கு இந்தியத் திரை விதித்த நெறிகளை ஆணுடலின்மேல் வைத்துப் பார்த்த அரிய ஆவணமாகத் தெரிந்திருக்கும். படம் சிறந்தது என்பதன்று இதன் பொருள். மோசமான படமும் நல்ல சான்றாகலாம்.

தமிழ்த் திரையில் இத்தொழிலை மேற்கொண்ட நாயகனை எளிதில் சுட்ட இயலாது. அத்தகைய படம் நாளை வருமாயின் அதனைப் பண்பாட்டுச் சீரழிவு என்றோ துணிச்சல் என்றோ கூறும் இரு குரல்களும் ஆயத்தமாகவே உள்ளன. இரண்டும் மேடையையே நோக்கும். அரங்கில் இருப்பவளைக் காண உலாவின் பருவ வகைப்பாடு ஒரு கருவியாகலாம். ஆனால் அதனை அப்படியே எடுத்தாள இயலாது. புகழ்வதற்காக மட்டும் காண்பவள் என்னும் உலாவின் முற்கோளை முதலில் நீக்க வேண்டும். அதன் எல்லையையும் விரிக்க வேண்டும். பாட்டியல் நூல்கள் பேரிளம்பெண்ணுக்கு நாற்பது வயதை மேல்வரம்பாக வகுத்தன. 'தி ஃபுல் மான்டி'யின் இறுதிக் கூட்டத்தில் அவ்வயதைக் கடந்த முகங்களும் சிரித்துக்கொண்டு நிற்கின்றன. கல்பாத்தித் திண்ணைகளில் தேர் காண நிற்போருள் பாட்டியரும் உளர். அவர்கள் பருவத்திற்கு உலா இலக்கணம் இன்னும் பெயரிடவில்லை.